சொன்னேனா இல்லையா

எங்கள் ஊரில் தையற்காரனும் ஃபுண்டி, வண்டி மெக்கானிக்கும் ஃபுண்டி, சுவர் கட்டுகிறவனும் ஃபுண்டி. கையில் ஒரு தொழில் இருந்தால் போதும், அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் சிங்கானோ தன் வீட்டு முற்றத்தில் பிக்கப்பின் இடது முன்சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, சாலைக்கு இந்தப் பக்கம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டான்.

"ஃபுண்டி! நீயும் ஃபுண்டிதானே? வந்து இதைக் கொஞ்சம் புடி."

"நான் துணி தைக்கிற ஃபுண்டிப்பா. உன் வண்டிக்குப் பாவாடை வேணும்னா சொல்லு, தைச்சுத் தர்றேன்."

"பாவாடை இருக்குற இடத்துல இருந்துதான் எனக்குப் பிரச்சினையே. வா."

அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. புரியாமல் எப்படி இருக்கும்? அந்தத் துணியை மடித்துத் தைத்துக் கொடுத்ததே நான்தான்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சிங்கானோவும் அவன் மனைவி ஹிதாயாவும் முட்டைக்கோஸ் வியாபாரம். அவள் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, காயைத் தட்டிப் பார்த்து வாங்குவாள். அவன் வண்டியில் ஏற்றி மலையிலிருந்து கீழே மொம்போ சந்தைக்கு ஓட்டுவான். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு இடது பக்கத்து சீட் அவளுடையதுதான். அவள் நல்ல ஆகிருதி. அவள் ஏறி உட்கார்ந்தால் வண்டி அந்தப் பக்கம் நாலு விரல் தாழும். "என் வண்டி என் பெண்டாட்டிக்கு சலாம் போடுது பாரு" என்று சிங்கானோ ஊருக்கே சொல்லிப் பெருமைப்படுவான். அவள் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கதவைச் சாத்துவாள்.

மழைக்காலம் முடிந்ததிலிருந்து அவள் காலடியில் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பள்ளத்தில் இறங்கினால் டொக்கு, ஏறினால் டொக்கு. ஒவ்வொரு சந்தைக்கும் சொன்னாள். அவன் முதலில் அது அவள் சாவிக்கொத்து என்றான். பிறகு பின்னாலிருக்கும் தராசு என்றான். பிறகு ஃபுண்டி பார்த்துவிட்டான், ஒன்றுமில்லை என்றான். அதற்கப்புறமும் அவள் சொன்னபோது ரேடியோவில் தாராப் பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டான். டாங்கா கடற்கரைக்காரர்கள் வயலினும் மத்தளமுமாகப் பாடும் பாட்டு. அதைச் சத்தமாக வைத்தால் எஞ்சின் கழன்று விழுந்தால்கூடக் கேட்காது.

மலைப்பாதையில் சோனி ஊருக்குக் கீழே இருக்கும் வளைவில், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, இடது சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கிப் படுத்துவிட்டது. வண்டி மூக்கால் தரையை உழுதுகொண்டு மலைச்சுவர்ப் பக்கம் போய் இடித்தது. மறுபக்கம் அதலபாதாளம்; அங்கே போயிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனசே வந்திருக்காது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஹிதாயாவுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. முட்டைக்கோஸ் எல்லாம் சாலையில் உருண்டு போயின. அந்த வளைவைச் சுற்றி அன்றைக்கு எல்லா வீட்டு அடுப்பிலும் முட்டைக்கோஸ்தான்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. சண்டையும் போடவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், மகள் ருக்கியா டாங்காவிலிருந்து போன் செய்தால் அவனிடம் கொடுத்தாள். வண்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் கட்டோடு சந்தைக்குப் போய் ஒரு காங்கா வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

காங்காவை எங்கள் பெண்கள் சோடியாகத்தான் வாங்குவார்கள். இரண்டும் ஒட்டினபடி வரும். நான் நடுவில் வெட்டி ஓரம் அடித்துத் தர வேண்டும். ஒன்று இடுப்புக்கு, ஒன்று தலைக்கு. பூவும் நிறமும் எப்படியிருந்தாலும் கீழ் ஓரத்தில் ஒரு வரி எழுத்து அச்சாகியிருக்கும். வாயால் சொல்ல முடியாததை அந்த வரி சொல்லும். மாமியாருக்கு, பக்கத்து வீட்டுக்காரிக்கு, புருஷனுக்கு. யாருக்கு என்று எவளும் சொல்ல மாட்டாள். ஆனால் உரியவனுக்குத் தெரியும்.

துணியை விரித்தேன். சிவப்பில் கறுப்புப் புள்ளி. ஓரத்தில் பெரிய எழுத்தில்: சொன்னேனா இல்லையா?

"இது யாருக்கு ஹிதாயா?" என்றேன் ஒன்றும் தெரியாதவன் போல.

"உங்களுக்கு எதுக்கு ஃபுண்டி? எழுத்து மடிப்புக்குள்ள போயிடாம தைங்க. நல்லாத் தெரியணும்."

தெரிந்தது. ஒன்றைத் துவைத்தால் மற்றதைக் கட்டினாள். அவன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கும்போது, கிணற்றுக்கும் அடுக்களைக்கும் இடையே அந்த முற்றத்தைத்தான் கடந்தாக வேண்டும். அடியில் கிடப்பவன் கண்ணுக்கு ஆள் தெரியாது. இரண்டு பாதமும் அதற்கு மேலே ஓடும் அந்த வரியும்தான் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவளுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது என்பதை நான் மெஷினிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மொம்போவில் நல்ல கராஜ் இருக்கிறது. நான்கூடச் சொன்னேன், கட்டி இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடு என்று.

"மாட்டேன்" என்றான் சிங்கானோ. "ஃபுண்டி பாத்துட்டான், ஃபுண்டி பாத்துட்டான்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன் தெரியுமா? எவனும் பாக்கல. நான் காட்டவே இல்ல. இப்பவும் ஒரு ஃபுண்டி போட்டான்னு சொன்னா அவ நம்புவாளா? என் கையால போடுறேன். அவ கண்ணு முன்னாடி போடுறேன்."

"வர்ற சந்தைக்கு அவ லாரிக்கார ஹோசாவோட வண்டியில முன்சீட்டு சொல்லிட்டாளாமே?"

கையிலிருந்த ஸ்பானரை அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "தெரியும். இந்த ஒரு தடவைன்னா பரவாயில்ல ஃபுண்டி. அந்த சீட்டு அவளுக்குப் பழகிப்போச்சுன்னா, அப்புறம் நான் யாரை உக்கார வச்சுக்கிட்டு ஓட்டுவேன்?"

இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவள் இன்னொருத்தன் வண்டியில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே காலி சீட்டோடு போவது. அதுதான் அவன் பயம். நான் போய், சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையை, அந்த ஆர்மைப் பிடித்தேன்.

ஜூலை மாதம்; எங்கள் பக்கம் அதுதான் குளிர்காலம். மலையில் பனி மூட்டம் முற்பகல்வரை விலகாது. சிங்கானோ வண்டியை ஜாக்கியில் ஏற்றி, தைலமரக் கட்டைகளை அடியில் கொடுத்து, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்திருந்தான். ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் குமிழ் மூட்டு, அந்தப் பால் ஜாயின்ட்டின் நட்டில் துரு ஏறிக் கிடந்தது. முதல் நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, அடுத்த நாள் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டினான். நேராக அடித்தால் வராது. பக்கத்தில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அது தானாக மனசு வந்து விழும். விழுந்தது.

கழற்றினதை எல்லாம் ஒரு சாக்கில் வரிசையாக வைத்தான், அவள் கடந்து போகிற வழியில். எதையும் மறைக்கப் போவதில்லை என்று காட்டுவதற்கு. ஹிதாயா குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்தாள். நல்ல கையால் பழைய பால் ஜாயின்ட்டை எடுத்தாள். ஒரு முறை ஆட்டினாள்.

டொக்கு.

இன்னொரு முறை ஆட்டினாள். டொக்கு, டொக்கு. அவள் கையில் கிலுகிலுப்பை மாதிரி ஆடியது. சிங்கானோ வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

"இதுவா?" என்றான். "இந்தச் சத்தமா?"

அவள் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். அந்த வரி அவன் முகத்துக்கு நேராக ஆடிக்கொண்டே போனது. எனக்கு அவன் மேல் கோபம் இருந்தது உண்மை. ஆனால் அந்த நேரத்து அவன் முகத்தைப் பார்த்தபோது பாவமாகத்தான் இருந்தது.

அடுத்தது புஷ். ஆர்மின் இரண்டு முனையிலும் இரும்புக் குழலுக்குள் ரப்பர் இருக்கும். பழைய ரப்பர் வெடித்து, கறுத்து, இரும்போடு ஒட்டிப் போயிருந்தது. கராஜில் அதை அழுத்தித் தள்ள மெஷின் இருக்கிறது. வீட்டில் நெருப்புதான் வழி; சுட்டால் ரப்பர் இளகி வந்துவிடும். சிங்கானோ நெருப்பைத் தேடினான். நெருப்பு எங்கே இருந்தது? அடுக்களையில், ஹிதாயா சோளமும் பயறும் வேகப் போட்டிருந்த கரி அடுப்பில். அவள் தோட்டம் பார்க்கப் போயிருந்தாள். அவன் சட்டியை இறக்கவில்லை. சட்டிக்குப் பக்கத்தில், கரிக்குள் ஆர்மைச் சொருகிவிட்டான். கொஞ்ச நேரத்துக்குத்தானே என்ற நினைப்பு.

கறுப்புப் புகை கூரை வழியாகக் கிளம்பியபோது நான் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினேன். வீடு பற்றிக்கொண்டது என்றே நினைத்தேன். கண்ணில் நீர் வடிய அவன் ஆர்மை இடுக்கியில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"வந்துருச்சு ஃபுண்டி! ரப்பர் முழுசா வந்துருச்சு!"

"சோளம் என்னாச்சுடா?"

அவன் முகம் செத்துப்போனது. "ஐயோ."

திரும்பி வந்த ஹிதாயா வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள். உள்ளே போனாள். கரண்டியால் ஒரு வாய் எடுத்துச் சுவைத்துப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் களவு செய்து பிடிபட்டவர்கள் போல முற்றத்தில் நின்றோம்.

"ருக்கியாப்பா."

"சொல்லும்மா."

"இதை நீங்களே முழுசாச் சாப்பிடணும். ஃபுண்டிக்கும் ஒரு தட்டு குடுங்க. கூட நின்னாருல்ல."

"நான் இப்பதான் வந்தேன் ஹிதாயா!" என்றேன்.

"புகையோட வந்தீங்க, சோறோட போங்க."

சாப்பிட்டோம். டயரைக் கடிப்பது போலிருந்தது. அவன் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்று வேறு சொன்னான். அடுக்களைப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. இருமலா சிரிப்பா என்று என்னால் சொல்ல முடியாது. அவன் இருமல் என்றான், நான் மறுக்கவில்லை.

புது புஷ்ஷுக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, நீளமான ஒரு போல்ட்டையும் குழாய்த் துண்டையும் வைத்து இறுக்கி இறுக்கி உள்ளே ஏற்றினான். மேலும் கீழும் புது பால் ஜாயின்ட் மாட்டினான். நட்டை இறுக்கி, அது கழன்றுவிடாதபடி இரும்புப் பின் சொருகி மடக்கினான். மடக்கிய பின்னை எனக்குக் காட்டினான். ஹிதாயா கடந்து போகையில் அவளுக்கும் கேட்கிற மாதிரி, "பின்னு போட்டாச்சு ஃபுண்டி, ரெண்டு பக்கமும் மடக்கியாச்சு" என்று கத்தினான். வலது பக்கத்தையும் இதே போலச் செய்தான். இடித்த இடத்தில் நசுங்கிய தகரத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டான்.

எல்லாம் முடிந்ததும் மொம்போ கராஜ்காரருக்குப் போன் போட்டான். என் மெஷின் பக்கத்தில் நின்றுதான் பேசினான், அங்கேதான் சிக்னல் கிடைக்கும்.

"ஆர்ம் போல்ட்டை இறுக்கிட்டியா?" என்றது போன்.

"இல்ல, கையால மட்டும் திருகி வச்சிருக்கேன். இப்பதான் இறுக்கப் போறேன்."

"சக்கரம் அந்தரத்துல தொங்கும்போது இறுக்கிடாதே. வண்டியைத் தரையில இறக்கு. எப்பவும் என்ன பாரத்தோட ஓடுதோ அந்தப் பாரம் ஏத்து. அது எந்த உசரத்துல நிக்குதோ, அந்த உசரத்துல வச்சு இறுக்கு. இல்லேன்னா ரப்பர் ஆயுசுக்கும் முறுக்கிக்கிட்டே கெடக்கும். கொஞ்ச நாள்ல கிழிஞ்சிடும். மறுபடியும் அதே டொக்கு."

"டொக்கு வரக் கூடாது" என்றான் சிங்கானோ, ஏதோ சத்தியம் செய்கிறவன் போல.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது, இறுக்கும் வேலை நின்றது. மறுநாள் விடிந்தால் சந்தை.

காலையில் நான் மெஷினை வெளியே எடுத்து வைத்தபோது ஹிதாயாவின் முட்டைக்கோஸ் மூட்டைகள் சாலையோரத்தில் அடுக்கியிருந்தன, ஹோசாவின் லாரிக்காக. அவள் சிவப்புக் காங்காவில் பக்கத்தில் நின்றிருந்தாள். நூல் வாங்க எனக்கும் அன்று மொம்போ போக வேண்டியிருந்தது. எந்த வண்டியில் போவது என்று முடிவு செய்யாமல் நானும் தகரப் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன்.

சிங்கானோ பிக்கப்பின் சக்கரங்களைப் பலகைகள் மேல் இறக்கி நிறுத்தியிருந்தான். அடியில் புகுந்து போல்ட்டில் ஸ்பானரை மாட்டினான். பிறகு எடுத்துவிட்டான். வெளியே வந்தான்.

"வண்டி ஒசந்து நிக்குது" என்றான். எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னான். "இடது பக்கம் அதோட உசரத்துக்கு வரல."

நான் சீட்டில் ஏறி உட்கார்ந்து காட்டினேன். அவன் குனிந்து பார்த்துக் கையை விரித்தான்.

"நீ ஒரு நூல்கண்டு எடைதான் இருக்க. இறங்கு."

சாலையோரத்தில் அத்தனை மூட்டை இருந்தது. ஒரு மூட்டையைத் தூக்கிச் சீட்டில் வைத்தால் ஆகாதா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்கக் கூடாது என்று தெரிகிற வயது எனக்கு வந்து நாளாகிறது.

"ருக்கியாம்மா" என்றான். "இந்த வண்டி ஓடுனதெல்லாம் உன் பாரத்தோடதான். நீ உக்காந்தாத்தான் இறுக்க முடியும். ஓட்ட மாட்டேன். சாவிகூட உன் கையிலயே வச்சுக்கோ. உக்காந்து மட்டும் குடு. அப்புறம் நீ ஹோசா லாரியில போ."

அவள் சாவியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். வண்டியைப் பற்றி அவள் பேசியது அப்போதுதான்.

"நீங்க எங்க இருப்பீங்க?"

"அடியிலதான். அங்கே இருந்துதான் இறுக்கணும்."

"நான் ஏறும்போது நீங்க அடியிலயா?"

"ஆமா."

"ஜாக்கி?"

"எடுத்தாச்சு. சக்கரத்துல நிக்குது."

"நீங்க மாட்டின சக்கரத்துல."

"நான் மாட்டின சக்கரத்துலதான்."

"விழுந்துச்சுன்னா?" அவள் குரல் உயர்ந்தது. "என் எடையோட உங்க நெஞ்சு மேல விழுந்துச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? உங்களுக்கு அறிவு இருக்கா? ஃபுண்டி, நீங்க சொல்லக் கூடாதா? முதல்ல நான் ஏறி உக்காந்துக்குறேன், அது நிக்குதான்னு பாத்துட்டு அப்புறம் உள்ள போங்க!"

"இல்ல. நான் போனப்புறம் நீ ஏறு."

சொல்லிவிட்டு அவன் படுத்து அடியில் நகர்ந்து போய்விட்டான். வெளியே அவன் முழங்கால்கள் மட்டும் தெரிந்தன. அவள் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பனிமூட்டத்தில் ஹோசா லாரியின் இரைச்சல் மேலே எங்கேயோ கேட்க ஆரம்பித்தது.

அடியிலிருந்து அவன் குரல் வந்தது. ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறவன் போல மெதுவாக.

"சொன்னேனா இல்லையா."

அவள் பாதம் நகரவில்லை.

"சொன்னே, ஹிதாயா" என்றான். பிள்ளை பிறந்ததிலிருந்து அவளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஒவ்வொரு தடவையும் சொன்னே. நான் கேக்கல. கேட்டாச் செலவு, கேட்டா ஒரு நாள் சந்தை போயிடும்னு பாட்டு வச்சேன். உன் கை ஒடைஞ்சதுக்கு நான்தான் காரணம். வேற எவனும் இல்ல."

நான் தகரப் பெட்டியைத் திறந்து எதையோ தேடுவது போல நின்றேன்.

அவள் ஏறினாள். நல்ல கையால் மேலே பிடித்து, ஒரு காலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்பது போல மெள்ள மெள்ள எடையை இறக்கினாள். வண்டி அந்தப் பக்கம் தாழ்ந்தது. பழைய சலாம். அங்கேயே நின்றது.

"ருக்கியாப்பா! இருக்கீங்களா?"

"இருக்கேன். அசையாதே. இதான் உசரம்."

ஸ்பானர் கிரீச்சிட்டது. ஒரு போல்ட். இன்னொன்று. இறுக்கும்போது அவன் முக்குவது கேட்டது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் ஏதோ துஆ ஓதிக்கொண்டிருந்தது.

ஹோசா லாரி வந்து ஹாரன் அடித்தது. "ஹிதாயா! வர்றியா? முன்னாடி இடம் போட்டு வச்சிருக்கேன்!"

அவள் கண்ணைத் திறந்தாள். இறங்க முடியாது, அடியில் ஆள் இருக்கிறான். கதவு வழியாகத் தலையை நீட்டினாள்.

"இப்ப எழுந்திருக்க முடியாது ஹோசா. நான் அசைஞ்சா எல்லாம் கோணிக்கும். நீங்க கிளம்புங்க."

"மூட்டை?"

அவள் சாலையோரத்து மூட்டைகளைப் பார்த்தாள். "மூட்டை இருக்கட்டும்."

லாரி போன பிறகு சிங்கானோ வெளியே வந்தான். முதுகெல்லாம் சேறு. ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே அவள் பக்கம் பார்க்காமல் கேட்டான்.

"இன்னிக்கு அந்த எழுத்தைக் காணோமே?"

"அது மேலதான் உக்காந்திருக்கேன்" என்றாள். "மூட்டையை ஏத்துங்க."

நான் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே ஏறிக்கொண்டேன். சாவியை அவள் கொடுத்தாள். அவன் மாட்டு வண்டியை விட மெதுவாக ஓட்டினான். ரேடியோ போடவில்லை. பின்கண்ணாடி வழியாக இரண்டு தலையும் எனக்குத் தெரிந்தன; இரண்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தன. சோனி தாண்டியது. அந்த வளைவு வந்தது. மலைச்சுவரில் எங்கள் வண்டியின் நீலப் பெயிண்ட் இன்னும் ஒட்டியிருந்தது. அவள் நல்ல கை டாஷ்போர்டைப் பற்றிக்கொண்டது.

டொக்கு.

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டான். கதவைத் திறந்து குதித்தான். சேற்றிலேயே படுத்து அடியில் போனான்.

"எனக்கும் கேட்டுச்சு!" என்று கத்தினான் அங்கிருந்து. "கேட்டுச்சு ருக்கியாம்மா! நீ சொல்ல வேண்டாம், எனக்கே கேட்டுச்சு!"

போல்ட்டைத் தொட்டுப் பார்த்தான், பின்னைத் தொட்டுப் பார்த்தான், சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான். எதுவும் ஆடவில்லை. எழுந்து வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தான். மூட்டைகளுக்கு இடையில் என் தகரப் பெட்டி கிடந்தது. உள்ளே கத்தரிக்கோலும் இரும்பு அளவுகோலும். அவன் பெட்டியைத் தூக்கி ஆட்டினான்.

டொக்கு.

"ஃபுண்டி!" என்றான் அழாத குறையாக.

முன்சீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இந்த முறை அது இருமல் இல்லை. ஹிதாயா சிரித்தாள், வண்டி இடது பக்கம் குலுங்கக் குலுங்க, கட்டுப் போட்ட கையை மடியில் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அவன் சேறும் கிரீஸுமாக வந்து சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகினான்.

"ருக்கியாப்பா."

"ம்?"

"அந்த ரேடியோவைப் போடுங்க. மெதுவா வைங்க."

பாட்டு வந்தது. நான் அந்தப் பெட்டியை மொம்போ போய்ச் சேரும்வரை மடியிலேயே வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.